கேட்டது காதா, மனமா?

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் மிஷின்கள் ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் டெய்லர் நிமிர்வதில்லை. சத்தம் மட்டுமா காரணம்? ‘மனம் வேறெங்கோ இருந்தது, கேட்கவில்லை’ என்ற அன்றாடப் பேச்சையே சான்றாக்கி, மனத்தால்தான் மனிதன் கேட்கிறான் என்கிறது பிருகதாரண்யக உபநிடதம். நியாய தரிசனத்தார் இன்னும் கறார்: ஒலி காதை எட்டினால் போதாது, அணு அளவான மனமும் காதோடு சேர வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரோ, புலன்கள் உயிரால் அறிகின்றன, ஆனால் அந்த உயிரை அறிவதில்லை என்று சிவஞானபோதத்தில் சொன்னார்.

இந்தப் பழைய வழக்குக்குப் புதிய சாட்சியாக வந்திருக்கிறது, காது கேளாதவர்களின் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி.

தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை இலவசமாகப் பொருத்துகிறார்கள். இயற்கைக் காதில் சுமார் 3,500 உள் மயிர்செல்கள் பார்க்கும் வேலையை 12 முதல் 22 மின்முனைகள் ஏற்கின்றன. கைக்குழந்தையிடம் ‘கேட்குதா?’ என்று விசாரிக்க முடியாது. அதனால் தலையில் மின்முனைகளை ஒட்டி, ‘பா’ போன்ற ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பத் தந்து, மூளையின் மின்னலைகளைச் சராசரி எடுக்கிறார்கள். பி1 என்னும் அலை எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதே கணக்கு. மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களிடம் அது வயதுக்கேற்ற வேகத்தை எட்டியது. ஏழு வயதைத் தாண்டிப் பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தாமதம் நீங்கவில்லை. 2002-இல் அமெரிக்காவில் அனு சர்மா குழு வெளியிட்ட முடிவு இது. காது வழி திறந்தும், வாங்கிக்கொள்ள மூளை பழகியிருக்கவில்லை.

நியாயத்தாரைச் சங்கடப்படுத்தும் சோதனையும் உண்டு. ஒரே ஒலி தொடரும்போது நடுவில் ஒன்று மாறினால், புத்தகத்தில் மூழ்கியிருப்பவர் மூளையிலும் ஓர் அலை எழும். பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் குழு 1978-இல் இந்த அலையைக் காட்டியது. மனம் வராமலே மாற்றம் பதிவாகிவிட்டதே! ஆனால் மாறிய ஒலிகளை எண்ணச் சொன்னால், சுமார் 300 மில்லிநொடியில் பி300 என்ற இன்னொரு அலை தெளிவாக எழுகிறது. முன்னது வெறும் பதிவு, பின்னதே அறிவு என்று நியாயத்தார் வாதாட இடமிருக்கிறது.

மெய்கண்டாரின் கூற்றோ இரண்டு அலைகளையும் தாண்டி நிற்கிறது. கணினித் திரையில் தெரிவது காது, மூளை என்ற கருவிகளின் வேலை. அறிபவரை அது காட்டுவதில்லை. இம்பிளான்ட்டின் அளவைச் சரிசெய்ய ஆடியாலஜிஸ்டுக்கு பி1 அலை உதவும். ‘அம்மா’ என்றதும் குழந்தை திரும்புவதற்கோ, ஷிப்டு முடித்து வரும் பெற்றோர் மாதக்கணக்கில் அதனோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.