மக்கு யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் காலையிலேயே தறிச் சத்தம் கேட்கும். அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பல வருடம் பாடம் சொன்ன ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றுவிட்டார். 'உங்க சர்வீஸ்ல மறக்க முடியாதது எது?' என்று ஒருமுறை கேட்டேன். விருது, பெரிய பதவிக்குப் போன மாணவன் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன்.

'ஒரு கழித்தல் கணக்கு சார்' என்றார்.

நான்காம் வகுப்பு. 52-ல் 27 போனால் எவ்வளவு? பதினோரு பிள்ளைகள் 35 என்று எழுதியிருந்தார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், 'எல்லாம் மக்குங்க' என்று முடிவு கட்டிவிட்டார். அந்தச் சமயம் ஒரு பயிற்சி முகாமில், உங்கள் வகுப்பில் இருக்கும் ஒரு பிரச்னையை எடுத்துக்கொண்டு 'செயலாராய்ச்சி' செய்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாக அந்தப் பதினோரு நோட்டையும் வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பிரித்தார்.

'அப்பதான் தெரிஞ்சுது. ஒண்ணுகூட குத்துமதிப்பா எழுதலை. எல்லாம் ஒரே மாதிரி தப்பு. ரெண்டுலேர்ந்து ஏழு போகாதுன்னு, ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சிருக்குங்க. பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு ரெண்டாம் வகுப்புல தினமும் சொன்னது யாரு? நான்தான்! நான் சொன்னதை அப்படியே செஞ்ச புள்ளைங்களைத்தான் மக்குன்னு சொல்லியிருக்கேன்.'

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினார். ஒரு கட்டைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் என்று கையில் கொடுத்தே காட்டினார். மூன்று வாரம். முன்னால் ஒரு பரீட்சை, பின்னால் ஒரு பரீட்சை. ஒன்பது பேர் தேறினார்கள்.

செயலாராய்ச்சி என்பது இவ்வளவுதான். வேலை செய்கிறவரே தன் வேலையை ஆராய்வது. ஒரு சிக்கலைப் பார், காரணத்தை ஊகி, ஒன்றை மாற்றிச் செய், என்ன ஆயிற்று என்று குறித்து வை, மறுபடி யோசி. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1940-களில் அமெரிக்காவில் இந்தப் பெயரைப் பரப்பினார். 1953-ல் ஸ்டீஃபன் கோரி இதைப் பள்ளிக்கூடத்துக்கென்றே ஒரு புத்தகமாக எழுதினார்.

இங்கே ஒரு தர்மசங்கடமான கேள்வி எழும். அடுத்தவர் வீட்டுக் குழந்தையை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா? சோதனை தப்பாகப் போனால் நஷ்டம் யாருக்கு?

நியாயமான பயம்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள். இருபது வருடமாக ஒரே மாதிரி பாடம் நடத்துகிறவரும் குழந்தைகள்மேல் சோதனைதான் செய்துகொண்டிருக்கிறார். என்ன, முடிவைப் பார்ப்பதில்லை! இதில் எது பெரிய தப்பு?

இந்த விஷயம் காஞ்சிபுரத்துக்குப் புதிதும் இல்லை. மணிமேகலை தர்க்கம் கற்றுக்கொள்வது இதே ஊரில்தான். உண்மையை அறியக் காட்சி, கருத்து என இரண்டே வழிகள் என்கிறார் அறவண அடிகள். கருத்து என்றால் அனுமானம். அது எப்படியெல்லாம் தவறாகப் போகும் என்று போலிகளையும் அடுக்குகிறார். அதில் ஒன்று ஏதுப் போலி. காரணம் போல இருக்கும், ஆனால் காரணம் இல்லை. 'தப்பா எழுதறான், அதனால மக்கு' என்பதும் அந்த வகைதான்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே பதிமூன்று பள்ளிகளில் தொடங்கினார்கள். அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. நல்ல காரியம். ஆனால், தானே தேடிக் கண்டுபிடித்த ஆசிரியருக்கு அது விடை. உத்தரவாக வாங்கிக்கொண்டவருக்கு இன்னொரு வேலை. செயலாராய்ச்சிக்கும் இதே கதிதான். பழைய அறிக்கையில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு மார்க் வாங்குகிறவர்கள் உண்டு. கேள்வி நம்முடையதாக இல்லாவிட்டால் ஆராய்ச்சி வெறும் படிவம்!

'சரி டீச்சர், மிச்சம் ரெண்டு பேர்?'

'ஒருத்திக்கு போர்டே தெரியலை. கண்ணாடி போட்டதும் சரியாப் போச்சு. இன்னொருத்தன் வகுப்புல தூங்குவான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கோர்வைச் சேலைக்கு மூணு நாடா, பக்கத்துல ஒரு ஆள் வேணும். ராத்திரி அப்பாவுக்கு அவன்தான் அந்த ஆள். அவனை ராத்திரி தூங்க விடுங்கன்னு கெஞ்சினேன். கொஞ்ச நாள் விட்டாங்க. அப்புறம் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரலை.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

'அந்தப் பதினோரு பேரைப் பத்திகூட எனக்குக் கவலை இல்லை சார். அதுக்கு முன்னாடி எத்தனை வகுப்பு போயிருக்கும்? மக்குன்னு நான் சொன்னதை உண்மைன்னு நம்பிட்டுப் போன புள்ளைங்க இப்போ நாப்பது வயசுல எங்கேயோ இருக்கும் இல்லையா?'

என்னிடம் பதில் இல்லை. ஆசிரியர்கள் மட்டுமா தீர்ப்பு எழுதுகிறோம்? வீட்டில், ஆபீஸில் ஒருவரை 'இவனுக்கு ஒண்ணும் வராது' என்று ஒதுக்கி வைத்திருப்போம். இன்று ராத்திரி அந்த நோட்டை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். தப்பு நம் கையெழுத்தில்கூட இருக்கலாம்.