வாய் திறவாத பாவம்

புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' (2022) குற்றத் தொடரை நம்மில் பலர் கண்டிருப்போம். சாம்பலூர் சிமெண்டு ஆலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின்மீது ஐயம் விழுகிறது. அவருடைய இளைய மகளோ காணாமற்போயிருக்கிறாள். நெஞ்சு படபடக்கப் பார்த்தோம். ஆயினும் சான்று ஏதும் வருமுன்னரே 'இவன்தான்' என்று முடிவு கட்டிவிட்டோம். ஆலை வாயிலில் குரலுயர்த்தியவன். நமக்கு அதுவே போதுமாயிற்று.

தக்க ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளியென உள்ளத்தில் கொள்வதும் எட்டாம் கட்டளைக்கு எதிரானதே என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (1992). ஆன்ம சோதனையில் நாம் எளிதாகத் தாண்டிச்செல்லும் இடம் இது.

வல்லக்கோட்டையில் ஒருநாள் வீட்டுக்காரர் ஒருவர் நம்மிடம் வந்தார். வேலைநிறுத்தத்தில் நின்ற இளைஞன் அறை கேட்கிறான், கொடுக்கலாமா என்றார். "எதற்கு வம்பு?" என்றோம். அவன் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை.