அளவை அறிபவன் யார்?

உண்பதைக் கைபேசியில் குறித்து வைப்பது இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது. சப்பாத்தி இரண்டு, பருப்பு ஒரு கிண்ணம் என்று பதிந்தால் கலோரிக் கணக்கை அது காட்டுகிறது. மணிக்கட்டில் அணிந்த கருவியோ நடந்த அடிகளை எண்ணித் தருகிறது. உடல் எடையைக் குறைக்க விழைவோருக்கு இவை நல்ல துணையே. கவனமின்றி உண்டதைக் கண்முன் கொணர்ந்து நிறுத்துவது சிறிய உதவியன்று. எனினும் ஒரு வினா எழுகிறது. கருவி அளந்துவிட்டால், மனிதன் அளவை அறிந்தவன் ஆகிவிடுவானா?

புனே நகரத்து மருத்துவர் ஒருவரின் உடலே இங்கு ஒரு பாடம் புகட்டுகிறது. அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படும் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எண் ஒன்று, உடல்கள் வேறு. எண் பொய்யுரைக்கவில்லை, தனக்குத் தரப்பட்டதை மட்டுமே உரைத்தது.

கைபேசியின் கணக்கும் அத்தகையதே. விநாயக சதுர்த்தியன்று நான்கு மோதகம் உண்டவர் இரண்டு என்று பதிந்தால், கருவி அதை மறுப்பதில்லை. அவர் ஏமாற்றியது யாரை? கருவிக்கு நட்டமில்லை. மேலும், பசியால் உண்டாரா, துயரத்தை மறக்க உண்டாரா என்பதையும் அது அறியாது. அதை அறியக்கூடியவர் உண்பவர் ஒருவரே.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் முன் உண்டது செரித்ததா என்று தேர்ந்து, அளவோடு உண்ணச் சொல்கிறார். அந்தத் தேர்வைப் பிறர் செய்து தர இயலாது. கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிகையுணவு, பட்டினி ஆகிய இரண்டையும் விலக்குகிறது. ஆகவே எண் குறைந்தது என்று செருக்குறுவதும், குறையவில்லை என்று தன்னையே வெறுத்துப் பட்டினி கிடப்பதும் அடக்கமாகா.

கருவியைத் துறக்க வேண்டியதில்லை. அது கைத்தடி போன்றது, நடப்பவன் மனிதனே. உண்டதை உண்டபடி பதியும் வாய்மையே உணவுக் கட்டுப்பாட்டின் முதற்படி. அவ்வாய்மை உள்ளவனிடம் கைபேசி பயனுள்ள ஏடு. இல்லாதவனிடம் அது வெறும் எண்களின் குவியல்.