காரணம் கூறவேண்டியவர் யார்?

1864ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிகழ்ந்த வாக்குரிமை விவாதத்திலே கிளாட்ஸ்டன் கூறிய கருத்தொன்று பலரைத் திடுக்குறச் செய்தது. தகுதியின்மையேனும் அரசியல் ஆபத்தேனும் காட்டப்பட்டாலன்றி, ஒருவனுக்கு வாக்களிக்கும் அறவுரிமை உண்டு என்பதே அதன் சாரம். அதாவது, உரிமை கேட்பவனல்லன், மறுப்பவனே காரணம் காட்டக் கடமைப்பட்டவன். விக்டோரியா காலத்துப் பேச்சுக்களுள் நாம் போற்றத்தக்கது இது.

ஆயின் இதிலே ஓர் ஓட்டையும் உண்டு. தகுதியைச் சோதித்தறியலாம், 'ஆபத்து' எதுவென முடிவுசெய்பவர் யார்? ஏற்கெனவே உள்ளே அமர்ந்திருப்பவரன்றோ! 1833இல் அதே சபையில் கிளாட்ஸ்டன் தம் தந்தையாரின் டெமராராத் தோட்ட நிருவாகத்தைத் தற்காத்துப் பேசினார். அங்கே அடிமைப்பட்டிருந்தோர் மறுமொழி கூற அச்சபையில் இடமேது? அத்தந்தையாரே 1838இல் இந்தியக் கூலிகளை அங்கு தருவித்தார்.

லிந்துலையில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காயன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் எழுவரைத் தெரிந்தனுப்பினர். தலவாக்கலையிலிருந்து கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை சென்றார். மறு ஆண்டே டி. எஸ். சேனநாயக்கா அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொணர்ந்தது. காங்கிரஸாரும் இடதுசாரிகளும் எதிர்த்தனர். விவாதம் முறைப்படி நடந்தது, வாக்கெடுப்பும் முறைப்படியே. முறை வழுவாமல் நிறைவேறியதனால் அநீதி நீதியாகிவிடுமா?

இலங்கையிற் பிறந்தவனும் தன் தந்தை இங்கே பிறந்தானென்றோ, இன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரென்றோ நிறுவவேண்டுமென்றது அச்சட்டம். காடழித்துத் தேயிலை நட்டவனிடம், லயத்திலே பிறந்த தந்தைக்குப் பத்திரம் கேட்டனர்! மறுப்பவன் சுமக்கவேண்டிய பொறுப்பை மறுக்கப்பட்டவன் தலையில் ஏற்றியதே இதன் சூழ்ச்சி. இதற்குச் சொல்லப்பட்ட நியாயமோ, கண்டிச் சிங்களவரின் தொகுதிகளைத் தோட்டத்து வாக்குகள் விழுங்கிவிடும் என்ற அதே 'ஆபத்து'.

1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளல்லாதோரின் வாக்குரிமையைப் பறித்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் தன் வாக்கை இழந்தாள். (1892இலும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதைக் கிளாட்ஸ்டன் எதிர்த்தே நின்றார் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.) தலவாக்கலையின் உறுப்பினர் சபையில் இருந்தார், அவரை அனுப்பியோருட் பெரும்பாலோர் வாக்காளராக இல்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரேனும் சபைக்குச் செல்லவில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். எஞ்சி நின்ற நாடற்றோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர். பத்திரம் கேட்கப்பட்டவர்களுட் பலர் அதற்குள் தேயிலைக்கு உரமாகியிருந்தனர்.