நனைந்த போனும் நனையாத மனசாட்சியும்

 

இன்று திருத்தல மகிமை எழுதவில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பதினோரு வருஷமாகக் குறையுள்ள பாகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பதுதான் என் பிழைப்பு.

2024 நவம்பர் 7, சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தேன். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பது தெரியும். ரூமில் வைத்துவிட்டு வரச் சோம்பல். இடுப்புப் பையில் போட்டுக்கொண்டே கடலில் இறங்கிவிட்டேன். நாழிக்கிணற்றில் குளிக்க வரிசையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் பை முழுக்க உப்புத் தண்ணீர்.

ஊருக்கு வந்து இரண்டு நாள் அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். ஆன் ஆகிவிட்டது! "முருகன் காப்பாத்திட்டான்"னு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உள்ளே உறுத்தல். பல போன்களில் சிம் ட்ரே போகும் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவந்திருந்தது.

உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, கரண்ட் ஓடும் இடத்திலெல்லாம் செம்பை மெல்ல மெல்ல அரிக்கும். ஐபி68 என்று போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் தண்ணீரில் இல்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். என் தொழிலே அதுதானே.

ஒரு வாரம் கழித்து, எங்கள் லைனில் வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் பையன் ஒருவன் கேட்டான். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். "அண்ணே, அந்த போனைக் குடுக்குறீங்களா? நல்லா இருக்காண்ணே?"

"நல்லா ஓடுதுப்பா. பன்னெண்டாயிரம் போகும், உனக்கு ஒம்பதாயிரம்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. தண்ணீரில் விழுந்ததா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 1 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ரோட்டோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ராத்திரி அவன் நைட் ஷிப்ட். அவன் அம்மா ஊரில் தனியாக இருந்தார். போன் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் போனை நீட்டினார்கள். ஆனால் அம்மா நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை. அது செத்த போனுக்குள் இருந்தது. விடியும் வரை அவன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்தபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

அப்புறம் என்னிடம் வந்து சொன்னான்: "என் ராசி அப்படிண்ணே. நான் தொட்டா எதுவும் விளங்காது." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதே மாசம் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்த செய்தி வந்தது. உண்டியலில் விழுந்தது சாமிக்குத்தான் சொந்தம் என்றது கோயில் தரப்பு. நம் குரூப்பில் இரண்டு நாள் விவாதம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "மனசு வைக்காமல் விழுந்தது எப்படிக் காணிக்கை ஆகும்?" என்று நான் நீளமாக டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது விரல் நின்றுவிட்டது. மனசுதான் கணக்கு என்றால், என் கணக்கு என்ன?

போன் கடலில் நனைந்தது தவறி நடந்தது, அதில் பாவம் இல்லை. அதை விற்றது தவறி நடந்ததா? "எனக்கே உறுதியாத் தெரியாதே, ஓடினாலும் ஓடியிருக்கும்"னு பல நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படியானால் மூவாயிரம் ஏன் குறைத்தேன்? கருணையா? இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மூவாயிரம், என் மனசாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம்.

வள்ளுவர் வாய்மைக்கு வைத்த அளவுகோல், சொன்ன வார்த்தை நடந்ததோடு பொருந்துகிறதா என்பது மட்டும் இல்லை. அந்தச் சொல்லால் யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பது. அந்த அளவுகோலை வைத்தால் என் "நல்லா ஓடுது" பொய்தான். கேட்கிறவனுக்குக் கேட்கத் தெரியாததையும் சேர்த்துச் சொல்வதுதான் தெரிந்தவனுடைய கடமை. கம்பெனியில் ஒட்டிய ஸ்டிக்கரை வீட்டில் ஒட்டாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் டீ டைமில் ஒன்பதாயிரத்தை அவன் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனா அம்மா நம்பரை ஒரு நோட்டுல எழுதி வச்சிருப்பேன்."

இப்போது என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவதில்லை. 'சார்' என்கிறான். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்த ராத்திரியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்பர்களே, போன் தண்ணீரில் விழுந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசியில் போடவேண்டாம், போன் கம்பெனியே அப்படிச் சொல்கிறது. சிம்மைக் கழற்றிக் காற்றோட்டமாக வையுங்கள். கடல் தண்ணீர் என்றால் தானாகக் காயட்டும் என்று விடாமல், பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள். முக்கியமான நம்பர்களைப் பேப்பரில் எழுதி வையுங்கள். நனைந்த போனை விற்பதாக இருந்தால், நனைந்தது என்று சொல்லி விற்கவும்.

போனுக்குள் சிவந்ததை டார்ச் அடித்துப் பார்க்கலாம். நமக்குள் சிவந்ததை அவன் ஒருவன்தான் பார்க்கிறான்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!