காட்சியும் காண்பானும்

இண்டூரினின்று மேற்கே பென்னாகரம் கடந்து செல்லும் வழி ஒகேனக்கல்லை நோக்கிக் கீழிறங்குவது. பிறவிடங்களில் மலைக்காட்சி விழைவார் மேலேறுவர். ஈண்டோ மேட்டுநிலத்தார் காவிரியைக் காணக் கீழிறங்கல் வேண்டும். பனிக்காலத்துப் பகலில் அவ்வழி நடப்பார்க்கு முட்புதரும் உலர்ந்த மரமும் வெறும்பாறையுமே பெரிதும் எதிர்ப்படும். பாலைக்கு வேனிலேயன்றிப் பின்பனியும் உரித்தெனத் தொல்காப்பியனார் வகுத்தது எத்துணை நுட்பமுடைத்தென்பது, உரைகளைப் பயில்வார் அறிவினும் இவ்வழி நடப்பார் கால்களுக்கே நன்கு விளங்கும் போலும்.

நடந்து செல்வார்க்கு ஓரிடத்தில் நிலம் பிளந்தாற்போலக் கீழே ஆறு தோன்றும். செங்குத்தாய் நிற்கும் கற்சுவர்களினிடையே நீர் வீழ்ந்து திவலை புகையென எழுதலின், புகையுங் கல் எனப் பொருள்படும் கன்னடப்பெயர் அவ்விடத்திற்கு அமைந்தது. ஆண்டுள்ள பாறைகளுட் சில இருநூறு கோடி ஆண்டுகட்கும் முற்பட்டன என நிலநூலார் கூறுவர். வெள்ளம் தணிந்த நாட்களில் பரிசல்கள் அச்சுவர்களினூடே செல்லும்.

இங்ஙனம் சென்று ஓர் உயர்ந்த பாறைமேல் நின்று காண்டல், கண்ணுக்கு ஊட்டும் வெறும் நுகர்ச்சியோ, அன்றி உயிர்க்கு ஆக்கமுடையதோ என்பது ஆராயற்பாலது.

ஐம்புலனையும் அடக்குக என நூல்கள் கூறாநிற்கவும், கண்ணைத் தேடிச்சென்று மகிழ்வித்தல் தகாதென்பர் ஒருசாரார். உலகமே பொய்த்தோற்றம் எனக் கொள்வார்க்கோ காணற்குரியது ஒன்றுமேயில்லை. அற்றன்று. சித்தாந்தநூலார் உலகை உள்பொருளென்பர். உடம்பும் கருவியும் உலகும் நுகர்பொருளும் மாயையினின்று உயிர்களின்பொருட்டே இறைவனால் ஆக்கப்பட்டன என்பர். பயன்கருதி ஆக்கப்பட்டதனைக் காணாது கண்மூடிச் செல்லுதல் புலனடக்கமாகாது. ஆயினும், கண்டன யாவும் பயன்றரும் எனக் கோடலும் பொருந்தாது. கண் தானே காணாது, உயிர் காட்டக் காணும்; உயிரும் தானே அறியாது, இறைவன் அறிவிக்க அறியும் என்பது மெய்கண்டார் கோட்பாடு. அதனால், காட்சியின் தரம் கற்சுவரின் உயரத்தால் அளக்கப்படுவதன்று. காணும் உயிர் எதனைச் சார்ந்து நிற்கின்றதென்பதனால் அளக்கப்படுவதாம்.

அஃதாமாறு யாங்ஙனமெனின், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடக்குமாயின் குடிநீர்க்கு ஏலாது. மிகுதியுடைய நீரைக் குழவிப்பருவத்தே உண்டார் பற்கள் கறைபடும். மிகப் பெருகிய நீரை நெடுநாள் உண்டார்க்கு எலும்பும் கோணும். கிணற்று நீரையன்றி வேறறியாத மக்கள் தலைமுறை தலைமுறையாக இதனை உண்டனர். 2013-ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னரே காவிரிநீர் குழாய்வழியே இம்மாவட்டங்களின் ஊர்களுக்கு வரலாயிற்று.

இனி, அப்பாறைமேல் இருவர் நிற்கின்றனர் எனக் கொள்க. ஒருவன் தொலைநகரத்தினின்று வந்தவன்; வீழும் நீரின் வனப்பிலே மயங்கி நிற்கின்றான். மற்றையாள் கறைபட்ட பல்லினளாகிய ஒரு மூதாட்டி. இத்தனை நீரும் அருகேயிருப்ப எத்தனை ஆண்டு நஞ்சுண்டோம் என நினைகின்றாள். அவள் வனப்பைக் கண்டிலள் என்பார் உளர். அவன் நீரைக் கண்டிலன் என்றலே பொருத்தம். கீழே பரிசல் தள்ளுவோனும் அச்சுழிகளையே நாடோறும் நோக்குகின்றான். தன்னை நம்பி ஏறினாருடைய உயிர்களைக் காக்கும் நோக்கு அது. அதனை வயிற்றுப்பிழைப்பென்று இகழ்ந்து, வந்து போவான் ஒருவனது வியப்பை உயர்த்துவது எவ்வாற்றானும் நேரிதன்று.

அற்றேல், வனப்பில் மகிழ்தல் குற்றமோ எனின், அன்று; மகிழ்ச்சி தன்னளவில் நின்றுவிடுதலே குற்றம். தகடூர் எனப் பண்டு வழங்கிய இந்நாட்டையாண்ட அதியமான் நெடுமானஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவிற் கிடைத்த நெல்லிக்கனியைப் பெற்றும், தான் உண்ணாது, அதன் பயனையும் வாய்திறந்து கூறாது, ஔவையார்க்கு ஈந்தமை புறநானூற்றால் அறியப்படும். அவனை வாழ்த்துவாராகிய ஔவையார், நஞ்சைக் கண்டத்தடக்கிய பெருமானைப்போல நிலைபெறுக என்றார். அம்மலையின் பெயரையோ, அதன்மேல் நின்று நோக்கினார்க்குத் தோன்றும் நாட்டின் வனப்பையோ அப்பாட்டுக் கூறிற்றில்லை.