நடுகல்லுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்



காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் நிலத்துக்கு, போயிருந்தேன். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே வெள்வேல மரங்கள். அந்த நிழலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். குனிந்து பார்த்தேன். கொண்டை போட்ட ஒரு வீரன். பின்னங்காலில் எழும்பிப் பாயும் புலி. அதன் வயிற்றில் அவன் ஈட்டி. புலிக்குத்திக்கல்! ஆடுமாடுகளைக் காக்கப் புலியோடு போராடி உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்த நடுகல். நம் கொங்கு மண்ணில் பல ஊர்களில் இவை உண்டு.

அப்போது ஒரு பாட்டி சொம்போடு வந்தார். கல்லின் தலையில் தண்ணீரை மெல்ல ஊற்றினார். வீரனின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துவிட்டு மஞ்சள் பூசினார்.

"இது யாருங்கம்மா?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாதுங்க சாமி. பட்டியைக் காத்தவருங்க. எங்க மாமியா ஊத்துனாங்க, நானும் ஊத்தறனுங்க."

வீரனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நீர்ப்படை என்றால் கல்லை நீராட்டுவது. அந்தப் பாட்டி தொல்காப்பியம் படித்தவர் அல்லர். ஆனால் நீராட்டும் மரபு அவர் கையில் உயிரோடு இருக்கிறதே!

வீரரை நினைக்கும் வழக்கம் வேறு நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில், சரளைக்கல் தோண்டிய நிலத்தில் மரம் நட்டு, 2001-இல் ஒரு நினைவு வனத்தைத் திறந்தார்கள். அங்கே படைவீரர் நினைவுச் சுவர்களில் 16,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்குச் சுவரின் இடைவெளி வழியே வெயில் நுழைந்து, நடுவிலுள்ள கல்லின் மேலிருக்கும் மலர்வளையத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒளியால் அபிஷேகம். இங்கே நீரால் அபிஷேகம். அங்கே பெயர் தெரியும், இங்கே தெரியாது. நன்றி ஒன்றுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டி அந்தக் கல்லிடம் எதுவும் கேட்கவில்லை. ஊற்றினார், கும்பிட்டார், ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். நாமோ சாமி முன்னால் நின்றால் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வேலை வேண்டும், வீடு வேண்டும் என்கிறோம். நமக்கு முன்பே கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு முதலில் கைகூப்ப வேண்டாமா?

அப்படிக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் ஒருவர், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை. அவரை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆடிப் பதினெட்டில் அங்கே அரசு விழா எடுக்கிறது. காவிரித் தாயை நாம் கும்பிடும் அதே நாள்! நீரையும் வீரனையும் ஒரே நாளில் வணங்கும் பேறு நமக்கு.

இந்த ஆடிப் பதினெட்டில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஓடாநிலைக்குப் போங்கள். வரும் வழியில், உங்கள் ஊர்க் காட்டோரத்தில் கேட்பாரற்று நிற்கும் கல் ஒன்று இருந்தால், சொம்பைக் குழந்தையின் கையில் கொடுங்கள். அந்தப் பிஞ்சுக் கை ஊற்றட்டும். அன்றைக்கு மட்டும் எதையும் கேட்காமல் கும்பிட்டு வாருங்கள்.